எட்டு கிலோவுக்குள் ஒரு பூனை

வால்பராய்சோ, மார்ச் 14

ரோமினா கண்ணுக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம்தான், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் யாராக இருந்தாலும் ஒரு வரியாவது படித்துவிடுவார்கள். அதனால் முக்கியமான விஷயத்தை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அது இப்போது ஐந்தாவது வரிக்கு வந்துவிட்டது: சபாயோ நன்றாக இருக்கிறான்.

நன்றாக என்றால், எட்டு கிலோ நூறு கிராம் அளவுக்கு நன்றாக. பூசணி நிறத்தில் இருக்கிறான் என்று நீ பூசணியின் பெயரை வைத்தாய். அவன் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் பெயரை முழுதாகக் காப்பாற்றுகிறான்.

நீ தெற்கே வேலைக்குக் கிளம்பிய அன்று சாந்தியாகோ விமான நிலையத்தில் கவுண்டர் பெண் கூடையோடு அவனைத் தராசில் வைத்ததும் ஒன்பதரை காட்டியது. கூடையும் சேர்த்து எட்டு கிலோவுக்கு மேல் போனால் பூனை பயணிகளோடு வரக் கூடாது என்றாள். சரக்கோடு போட நீ சம்மதிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "வேணும்னே பண்ணீங்கல்ல?" என்றாய். வரிசையில் நின்ற நாற்பது பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பூனையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நீ சாந்தியாகோவில் பயிற்சியில் இருக்கும் இரண்டு மாதத்தில் அவனை இளைக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் எலும்பு கனமான பூனை. திரும்பி வந்த பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் கூடை என் மடியில்தான். என் காலில் ரத்த ஓட்டம் நின்றதே தவிர அவன் குறட்டை நிற்கவில்லை.

நேற்று மிருக டாக்டர் யாஸ்னாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். வெளியே விட்டு ஓட வைக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். குட்டியாக இருந்தபோது நாய் பாதி தின்ற அந்தக் காதை அவள்தானே தைத்தாள். "வீட்டுக்குள்ளயே சக்கரம் போடுங்க, எலி ஓடுமே, அதையே பெரிசா" என்றாள். எலி ஓடும் சக்கரத்தைத் தனக்குச் சொன்னதும் சபாயோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் டாக்டரிடம் சொன்னேன்: முப்பத்தொரு வருஷம் குன்றில் கயிற்று விஞ்ச் ஓட்டியவன் நான், பாதிக் குன்று ஜனங்களையே காலையில் கீழே இறக்கி மாலையில் மேலே ஏற்றியவன், ஒரு பூனை எம்மாத்திரம் என்று.

வேண்டுமென்று செய்யவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

அப்பா


புந்தா அரேனாஸ், மார்ச் 28

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

இங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை சரியாக இருக்கிறது. அறை எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் பூனை வரும் என்று சொல்லி ஒப்பந்தத்தில் எழுதியும் வாங்கிவிட்டேன். அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பர் பதினெட்டு தேசிய நாள் விடுமுறைக்கு ஐந்து நாள் வருவேன். திரும்பும்போது சபாயோ என்னோடு வருவான். கூடை மட்டும் ஒரு கிலோ நானூறு. அப்படியென்றால் அவன் ஆறரைக்குள் இருக்க வேண்டும். அவசரமாக இளைத்தால் ஈரல் கெடும். ஆறு மாதம் இருக்கிறது. நிதானமாகச் செய்தால் போதும்.

சக்கரத்துக்குப் பழக்கும் முறையை எழுதுகிறேன், தயவுசெய்து இந்த முறை கேளுங்கள். தள்ளக் கூடாது. உள்ளே பிடித்து வைக்கக் கூடாது. சின்னதாக ஒரு சத்தம் தேர்ந்தெடுங்கள், எப்போதும் அதே சத்தம். அவன் சரியாகச் செய்த நொடியில் அந்தச் சத்தம், உடனே ஒரு துண்டு கோழி. துண்டு என்றால் பருப்பு அளவு. உங்கள் அளவு இல்லை.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை அவன் எடையை எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நான் கத்திவிடுவேன்.

இங்கே காற்று அதிகம். கால்மாட்டில் ஒரு கனம் இல்லாமல் படுக்க இன்னும் பழகவில்லை.

ரோமினா


வால்பராய்சோ, ஏப்ரல் 20

ரோமினா கண்ணுக்கு,

சக்கரம் தயார். கடையில் வாங்கவில்லை, நானே செய்தேன். என் நெஞ்சு உயரம். பிளைவுட்டில் இரண்டு வளையம், நடுவே மெல்லிய பட்டிகள், உள்ளே ஓடும் இடத்துக்கு நடையில் கிடந்த பழைய கம்பளம். அடியில் அது உருள வேண்டுமே, அதற்குத்தான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பரணில் உன் ரோலர் ஸ்கேட்டிங் ஷூ கிடைத்தது, பச்சை நாடா போட்டது. எட்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் ஊதினால் சுற்றுகிறது. ஷூவைத் தூக்கிப் போடவில்லை, அப்படியே இருக்கிறது. சக்கரம்தான் இல்லை.

ஒரு சின்னத் தவறு. மழை வருமே என்று சமையலறையில் வைத்துச் செய்தேன். முடித்த பிறகுதான் வாசலை அளந்தேன். நாலு விரற்கடை போதவில்லை. அதனால் சக்கரம் இனி சமையலறைக்குச் சொந்தம். மேஜைக்கும் அடுப்புக்கும் நடுவே ராட்சசன் மாதிரி நிற்கிறது. தேநீர் போட நான் பக்கவாட்டில் நடக்கிறேன்.

பக்கத்து வீட்டு எதெல்மிரா அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏன் எலியோதோரோ, பூனையைக் கட்டி எண்ணெய் ஆட்டப் போறியா? எனக்கும் அரை லிட்டர் எடுத்து வை" என்றாள்.

சத்தத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். விஞ்சில் மின்மணி வைத்தபோது பழைய பித்தளை மணியை என்னிடம் கொடுத்தார்களே, அது ஆணியில் சும்மாதானே தொங்குகிறது. உனக்கு ஞாபகம் இருக்கும்: கீழ் நிலையத்திலிருந்து இரண்டு தரம் அடித்தால் ஆள் ஏறியாச்சு, கிளப்பு. ஒரு தரம் அடித்தால் நிறுத்து. அதே முறையைத்தான் இவனுக்கும் வைத்தேன்.

பெரிய வெற்றி கண்ணு. இரண்டு தரம் மணி அடித்தால் சக்கரத்தில் ஏறுகிறான். ஏறி நேராக நிற்கிறான். வாலைச் சுருட்டி ஓரத்தில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்ப்பவன் மாதிரி ஜன்னலைப் பார்க்கிறான். ஒரு இம்மிகூட அசைவதில்லை. ஒரு தரம் மணி அடித்தால் மரியாதையாக இறங்கி வந்து கோழி வாங்கிக்கொள்கிறான். ஒரு நாளைக்குப் பதினாறு தரம் செய்கிறோம். இத்தனை ஒழுங்கான பயணியை முப்பத்தொரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

எடை எட்டு கிலோ நூற்று ஐம்பது. ஏன் கூடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா


புந்தா அரேனாஸ், மே 5

அப்பா,

கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. நான் சிரித்ததில், கூட வேலை செய்யும் பெண் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். இரண்டு மாதத்தில் நான் சிரித்து அவள் பார்த்ததே இல்லையாம்.

அப்பா, நீங்கள் அவனுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கவில்லை. விஞ்சில் ஏறி இறங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். அசையாமல் நின்றதற்கு ஒரு நாளைக்குப் பதினாறு கோழித் துண்டு. எடை கூடாமல் என்ன செய்யும்?

எனக்கு ஆறு வயதில் மேல் நிலையத்தில் உங்கள் இயந்திரக் கூண்டுக்குள் முக்காலி போட்டு உட்கார வைப்பீர்களே, அது ஞாபகம் வந்தது. யார் பெட்டியில் ஏறினாலும் ஒரே பாட்டு. "ஆடாதீங்க, அசையாதீங்க, கதவுல சாயாதீங்க." ஒரு தடவை பாதிரியாரையே அதட்டினீர்கள், அவர் தும்மியதற்கு. எல்லோரும் கடல் பக்கம் பார்த்து மூச்சு விடாமல் நிற்பார்கள். நானும் முக்காலியில் அப்படித்தான் இருப்பேன். விஞ்ச் ஓடுவது நாங்கள் அசையாமல் இருப்பதால்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி மாற்றுங்கள். இரண்டு தரம் மணி அடித்து ஏறட்டும், அது இருக்கட்டும். ஆனால் நிற்பதற்கு மணியும் கிடையாது, கோழியும் கிடையாது. கோழியை அவன் மூக்குக்கு முன்னால் கொஞ்சம் மேலே பிடியுங்கள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தால் சக்கரம் தானாக உருளும். அந்த ஒரு அடிக்கு ஒரு துண்டு. பிறகு இரண்டு அடிக்கு ஒன்று. பிறகு நாலு.

ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுத்திருக்க மாட்டேன். கேட்டிருக்கலாம் என்கிறேன்.

இன்னொன்று. கோழியால் ஐம்பது கிராம் கூடியிருக்கும். எட்டு கிலோ எப்படி வந்தது? காற்றைத் தின்று வராது.

ரோமினா


வால்பராய்சோ, ஜூன் 9

ரோமினா கண்ணுக்கு,

நான் எட்டாவது வரை படித்தவன். பூனை பள்ளிக்கூடமே போகவில்லை. இரண்டு பேருக்கும் படித்ததை மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் நாள் கோழியைக் காட்டினேன், ஒரு அடி வைத்தான், சக்கரம் உருண்டது. உருண்டதும் பயணத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டான். அடுப்புக்குப் பின்னால் போய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. "ஒண்ணும் ஆகாது, வாடா" என்று நான் தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சுவதை எதெல்மிரா அம்மாள் பார்த்துவிட்டாள். "உள்ள யாரு, கடன்காரனா?" என்றாள்.

பிறகு சக்கரத்தை அசையாமல் முட்டுக் கொடுத்து வைத்து, உள்ளே சும்மா உட்கார விட்டேன். அப்புறம் அந்த முட்டுக்கட்டையைக் கொஞ்சமாகத் தளர்த்தினேன். கயிற்றில் ஒயின் பாட்டில் கார்க்கைக் கட்டி முன்னால் ஆட்டினேன். கோழியைவிடக் கார்க்கின் மேல்தான் அவனுக்குக் கோபம் அதிகம். அதைப் பிடிக்க ஒரு அடி, விட்டுப்போனதே என்று இன்னொரு அடி. மே 27ஆம் தேதி மாலை ஏழு மணிக்குச் சக்கரம் முழுசாக ஒரு சுற்று சுற்றியது. இப்போது முப்பது, நாற்பது சுற்று விடாமல் ஓடுகிறான். தொப்பை மட்டும் ஒரு சுற்றுப் பிந்தி வருகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சக்கரம் வேகம் எடுத்ததும் ஒரு சத்தம் வந்தது. உன் ஷூ சக்கரம் மரத்தில் உருளுகிற சத்தம், கர்ர்ரென்று. கையில் கயிற்றோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ ஏழு வயதில், பள்ளிக்கூடம் விட்டதும் மேல் நிலையத்திலிருந்து நம் வீடு வரைக்கும் அந்தச் சிமென்ட் சந்தில் போவாய், வருவாய். உள்ளே விஞ்ச் இயந்திரம் எவ்வளவு கத்தினாலும் எனக்கு அதற்குள் உன் சத்தம் தனியாகக் கேட்கும். உன் அம்மா வடக்கே போன வருஷம் அது. சத்தம் கேட்கிறவரை எனக்குக் கவலை கிடையாது. நின்றால்தான் பயம். நின்றால் விழுந்திருப்பாய். விஞ்ச் பெட்டி பாதிக் குன்றில் இருக்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டு வரவும் முடியாது. கீழே இறங்கும் ஜனங்களைத் திட்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பேன், திரும்ப அந்தச் சத்தம் வரும்வரை.

அன்று சபாயோ நின்றதும் என்னை அறியாமல் எழுந்து ஓடிப் பார்த்தேன். அவன் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

ஷூவைக் கேட்காமல் எடுத்தது தப்புதான்.

எடை ஏழு கிலோ எண்ணூறு. சாப்பாடு எல்லாம் நீ சொன்ன பருப்பு அளவுதான்.

அப்பா


புந்தா அரேனாஸ், ஜூன் 25

அப்பா,

நாற்பது சுற்று ஓடும் பூனை மூன்று மாதத்தில் முந்நூறு கிராம்தான் இளைத்தான் என்பது எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. டாக்டர் யாஸ்னாவுக்குப் போன் செய்தேன். போன மாதம் அவனுக்குப் பல் பார்த்தாளாம். "வாயில வெண்ணெய் வாசனை வருது, யாரு குடுக்கிறா?" என்று என்னைக் கேட்கிறாள்.

ஒரே ஒரு கேள்வி. மாலையில் ஒன்ஸே தேநீருக்கு உட்காரும்போது மேஜையில் எத்தனை தட்டு வைக்கிறீர்கள்?

ரோமினா


வால்பராய்சோ, ஜூலை 10

ரோமினா,

இரண்டு.

இந்தக் கடிதத்தை இதோடு முடித்துவிடலாம் என்று பார்த்தேன். நீ கேட்டது அவ்வளவுதான். ஆனால் மீதியையும் சொல்லாவிட்டால் எனக்கு ரொட்டி இறங்காது.

டிசம்பரில் உனக்கு அந்த வேலை கிடைத்தது. நான்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன், என் மகள் தெற்கே பெரிய லேபில் உட்காரப் போகிறாள் என்று. அப்புறம் பயிற்சி என்று இரண்டு மாதம் நீ சாந்தியாகோவில் இருந்தாய். முதல் நாள் மாலை ஏழு மணிக்குக் கெட்டில் கொதித்தது. வழக்கம்போல ரொட்டி இரண்டு வாங்கியிருந்தேன், அவகாடோ மசித்தேன், ஹாம், சீஸ், வெண்ணெய் எடுத்து வைத்தேன். தட்டு இரண்டு வைத்தேன். வைத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. ஒரு தட்டைத் திரும்ப எடுக்கக் கை போனது, மனசு வரவில்லை.

அப்போது அவன் உன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்து மேஜைக்கு மேலே தலையை மட்டும் நீட்டினான். உனக்கு நாலு வயதில் அப்படித்தான் தலை மட்டும் தெரியும். ஒரு துண்டு ஹாம் வைத்தேன். அவ்வளவுதான். மறுநாள் ஹாமும் சீஸும். மூன்றாம் நாள் ரொட்டியில் தடவிய வெண்ணெயை நக்கிவிட்டு ரொட்டியை எனக்குத் தள்ளினான். ஒன்ஸே சாப்பிட ஆள் கிடைத்துவிட்டது.

அவனைக் கனமாக்கி உன்னோடு போகவிடாமல் செய்ய வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. இது சத்தியம். அந்த அளவுக்கு யோசிக்கிற மூளை எனக்கு இருந்திருந்தால் விஞ்சிலேயே மேலதிகாரி ஆகியிருப்பேன்.

ஆனால் அன்று தராசில் ஒன்பதரை என்று எண் விழுந்ததே, அந்த நொடியில் எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. சின்னதாக, ஒரு தரம் மணி அடித்த மாதிரி. நிறுத்து என்று. அவனாவது என்னோடு திரும்பி வருவானே என்று. நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தது சரியாக அந்த நொடியில்தான். என் முகத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் சொன்னாய். நான் இத்தனை நாளாக இல்லை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா வடக்கே போனபோதும் பஸ் வரைக்கும் நான்தான் பெட்டி தூக்கிப் போனேன். வீட்டை விட்டுப் போகிறவர்களுக்குப் பெட்டி தூக்குவதில் எனக்கு நல்ல அனுபவம். விமான நிலையத்தில் அந்த ஒரு தடவைதான் கை நழுவிவிட்டது.

இன்றைக்கு ஒரு தட்டோடு உட்கார்ந்தேன். அவன் உன் நாற்காலியில் ஏறி மேஜையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இல்லடா, முடிஞ்சு போச்சு" என்றேன். அவன் இறங்கிப் போய்ச் சக்கரத்தில் ஏறி நின்றுகொண்டான். நான் எழுந்து இரண்டு தரம் மணி அடித்தேன்.

உன் பூனையை உனக்கு அனுப்பிவைக்கிறேன்.

அப்பா


புந்தா அரேனாஸ், ஆகஸ்ட் 1

அப்பா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்று ரொம்பக் கோபம், ஒன்று ரொம்ப அழுகை. இது மூன்றாவது.

நானும் ஒன்று சொல்லவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், நீங்கள் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது, அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறினேன். அப்புறம் நான் மட்டும் ஏறினேன். கழித்துப் பார்த்தால் எட்டுக்கு மேல் வந்தது. கூடையே இல்லாமல்.

தெரிந்தேதான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டால் நானும் திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. போக ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. முடிவை அந்தத் தராசு எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களும் முடியாது என்று சொன்னார்கள். அப்போது என் கால் திரும்பவில்லை அப்பா. உங்களையும் அவனையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனது. என் மேல் வந்த கோபத்தை வைக்க இடம் இல்லாமல் உங்கள் மேல் வைத்தேன். நாற்பது பேருக்கு முன்னால்.

உங்கள் முகத்தில் நான் பார்த்தது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்து எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஹாம் கிடையாது. அதில் மாற்றமில்லை. ஆனால் தட்டை எடுக்க வேண்டாம். அவன் தட்டில் அவன் சாப்பாட்டை அளந்து வையுங்கள், எழுபது கிராம். ஏழு மணிக்கு ஓடிவிட்டு வந்து உங்களோடு உட்காரட்டும்.

ரோமினா


வால்பராய்சோ, ஆகஸ்ட் 30

ரோமினா கண்ணுக்கு,

ஆறு கிலோ எழுநூறு. டாக்டரின் தராசில். "ரெண்டு பேருமே இளைச்சிருக்கீங்க" என்றாள். எழுபது கிராம் தின்கிறவன் எதிரே உட்கார்ந்து நான் மட்டும் நாலு துண்டு ரொட்டி தின்ன முடியுமா? பார்த்தே சாகடித்துவிடுவான்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அதைப் பற்றி எழுத வராது. வந்தால் சொல்கிறேன்.

இப்போது மணியே தேவையில்லாத அளவுக்கு ஓடுகிறான். ஆனாலும் நான் இரண்டு தரம் அடிக்கிறேன், அவனும் அதற்காகக் காத்திருக்கிறான். அவன் நூறு சுற்று ஓடுவதைத் தேநீரோடு உட்கார்ந்து பார்ப்பேன். ஓடுகிறான், ஓடுகிறான், அதே இடத்தில்தான் இருக்கிறான். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உன் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறான். இப்படி ஒரு வண்டியை நானே ஆணி அடித்துச் செய்தேன் பார்.

இன்னும் இருநூறு கிராம்தான். கறி அடைத்த எம்பனாதாவுக்கு எதெல்மிரா அம்மாளிடம் சொல்லிவிட்டேன், உனக்கு மட்டும் ஆலிவ் இல்லாமல். வா.

அப்பா


புந்தா அரேனாஸ், அக்டோபர் 6

அப்பா,

இங்கே திரும்பி வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. போனில் பேசிக்கொள்கிறோம், கத்துவதில்லை, இருந்தாலும் சிலதைக் கடிதத்தில்தான் எழுத முடிகிறது.

விமான நிலையத்தில் தராசு கூடையோடு ஏழு எண்ணூறு காட்டியதும் நீங்கள் பின்னால் திரும்பி வரிசையில் நின்றவர்களிடம், "நான்தான் ஓட வச்சேன்" என்றீர்களே. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பாட்டியம்மா மட்டும் கை தட்டினாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் நீங்கள் பஸ் பக்கம் பாதி தூரம் போய்விட்டீர்கள். பின்பக்கம் மட்டும் தெரிந்தது. சட்டை பெரிசாகிவிட்டது உங்களுக்கு.

சபாயோ விமானத்தில் ஒரு சத்தம் போடவில்லை. கதவு பக்கம் சாயவில்லை, அசையவில்லை. உங்கள் மாணவன்.

இங்கே ஒரு சக்கரம் வாங்கிப் போட்டேன். கடையில் செய்தது, உங்களுடையதைவிட நேராகச் சுற்றுகிறது. சத்தமே வராது. அதில் அவன் ஏறி நிற்கிறான். வாலைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறான். அவ்வளவுதான். கோழி காட்டினேன், கார்க் கட்டி ஆட்டினேன், முதலிலிருந்து எல்லாம் செய்தேன். நிற்கிறான். நேற்று ஏழு மணிக்குத் தேநீர் போட்டுவிட்டு, கரண்டியால் கோப்பையை இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன். சட்டென்று தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான், யார் இந்தப் போலி டிரைவர் என்பது மாதிரி. பிறகு திரும்பி அறைக் கதவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் நூறு கிராம் கூடிவிட்டான்.

அந்த மணி வேண்டும் அப்பா. பார்சலில் அனுப்பாதீர்கள். அடிக்கத் தெரிந்த ஆள் கொண்டுவர வேண்டும். நவம்பரில் டிக்கெட் போடட்டுமா? மேஜை சின்னதுதான், மூன்று தட்டு வைக்கலாம். வைத்துப் பார்த்துவிட்டேன்.

ரோமினா


வால்பராய்சோ, அக்டோபர் 18

ரோமினா கண்ணுக்கு,

டிக்கெட் போடு.

நான் வாழ்நாளில் போன உயரமெல்லாம் ஐம்பது மீட்டர், அதுவும் கயிற்றில் கட்டி. விமானத்தில் ஜன்னல் பக்கம் வேண்டாம். அசையாமல் நிற்கச் சொன்னால் நிற்பேன், ஆனால் ஏழு மணிக்கு யாராவது தேநீர் கொடுப்பார்களா என்று கேட்டு வை.

சமையலறைச் சக்கரம் அப்படியேதான் நிற்கிறது. எடுத்துவிடு என்கிறாள் எதெல்மிரா அம்மாள். வாசலில் நுழையாது என்று சொல்லிவிட்டேன். மாலையில் போகிற போக்கில் கையால் ஒரு தள்ளு தள்ளிவிடுவேன். கர்ர்ரென்று ஐந்தாறு சுற்றுச் சுற்றும். நின்றதும் இப்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை.

மணியை எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன். தேய்த்ததில் என் முகமே தெரிகிறது, சற்று நீளமாக. டாக்டரின் தராசில் கொண்டுபோய் வைத்தேன். "இன்னைக்கு நோயாளி இதுவா?" என்றாள். ஒரு கிலோ இருநூற்று ஐம்பது.

கைப்பைக்கு எட்டு கிலோதானே. அப்படியென்றால் ஆறே முக்கால் மிச்சம் இருக்கிறது. அதில் என்ன கொண்டுவரட்டும் என்று எழுது. ஹாமைத் தவிர.

அப்பா